கிடைப்பதற்கு முன்பே சொன்ன சாட்சி

இரும்புக் கம்பெனியின் கேட்டிலிருந்து நான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் பார்த்த கடைசி கேட் அது. மற்ற எல்லா இடத்திலும் கேட்ட அதே கேள்வியைத்தான் அங்கேயும் செக்யூரிட்டி கேட்டார்.

"லோக்கலா?"

ஆமாம் என்றேன். லோக்கல் ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலை தேடியவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்ற விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். லோக்கல் என்றால் பக்கத்து ஊர்க்காரன். சாவு, கல்யாணம், தேர் என்று லீவு போடுவான். அடிபட்டால் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து கேட்டில் உட்காருவான். வடக்கேயிருந்து வருகிறவன் தகரக் கொட்டகையில் தங்குவான். கூப்பிட்ட நேரத்துக்கு வருவான். அடிபட்டால் ரயில் ஏறிப் போய்விடுவான். ஆகவே லோக்கல் வேண்டாம். அந்தக் கம்பெனி நிற்கிற நிலத்தில் என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார், வரப்பில் அண்டை வெட்டினார். அப்போது அந்த வேலைக்கு லோக்கல் ஆள் போதும் என்றிருந்தார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம். வெயில் இன்னும் இறங்கவில்லை. சர்வீஸ் ரோட்டில் லாரிகள் கிளப்பிய கரித்தூசிக்குள் கவரைப்பேட்டை பக்கமாக நடந்தேன். வீட்டுக்குப் போக மனசில்லை. ஆனால் போகாமலும் முடியாது. மறுநாள் காலையில் என் மகளை ஏற்றிக்கொள்ள எங்கள் தெருமுனைக்கு ஒரு பஸ் வர இருந்தது.

மகள் பெயர் கிருபா. பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல். நான் எட்டாவதோடு நின்றவன். நின்றவன் என்று சொல்வதைவிட ஓடினவன் என்பதுதான் சரி. ஒரு லாரியில் கிளீனராக ஏறி விஜயவாடா போனேன். அப்புறம் நாக்பூர். அப்புறம் சூரத்தில் சாயப்பட்டறை. ஒரு இடத்தில் இருக்க என் காலுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு தடவை சொல்லாமல் கிளம்பிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். சூரத்தில் என்னை மதராசி என்று தள்ளி வைத்தார்கள். சொந்த ஊருக்கு வந்தால் லோக்கல் என்று தள்ளி வைக்கிறார்கள். மனுஷன் எங்கேதான் போய் நிற்பது என்று ஆண்டவரிடம் பல தடவை கேட்டிருக்கிறேன்.

கிருபா ஏறவிருந்த பஸ் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியுடையது. அங்கே லோக்கல் பெண்களை எடுப்பார்கள். பெண்கள் கேட்டில் வந்து உட்கார மாட்டார்கள் என்று நினைப்பு. ஹாஸ்டல் அங்கேயே. ஒரு தடவை அதில் ஏறின பெண் மறுபடி காலேஜ் வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. ஆள் சேர்க்கிற அம்மா வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். என் மனைவி சுகந்தி சரி என்று சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் அணைந்துகிடந்த அடுப்பைக் காட்டினாள்.

அடுப்பு ஏன் அணைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் சாட்சியால் அணைந்தது.

ஏப்ரல் வரை ஒரு ரோலிங் மில்லில் கான்டிராக்ட் வேலை பார்த்தேன். பழைய கான்டிராக்டர் போனார். புதியவர் தன் ஆட்களோடு வந்தார். அவ்வளவுதான், வேலை போய்விட்டது. யாரும் திட்டவில்லை, துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் போனால் என் இடத்தில் வேறு ஆள் நின்றான். அதற்குப் பிறகு கிடைத்ததைச் செய்தேன். ஆரணியில் நெல் மூட்டை தூக்கினேன். வேப்பம்பட்டில் வீடு கட்டுகிற இடத்தில் கலவை போட்டேன். மழை வந்தது, அந்த வேலையும் நின்றது.

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து சபைப் பானையில் கொட்டுவார்கள். இல்லாத வீட்டுக்கு அது போகும். அந்த மே மாதம் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. பாஸ்டரம்மா யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக் கொடுப்பார். பல வீட்டு அரிசி கலந்திருக்கும். சிலது வேகும், சிலது வேகாது. ஆனாலும் சாப்பிட்டோம். அந்த வீடுகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

பாஸ்டர் நல்லவர். எனக்காக உபவாசம் இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் என்னைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். கர்த்தர் வேலை கொடுப்பார் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"கொடுப்பார்னு சொல்றதுல சந்தேகம் இருக்கு, பிரதர். கொடுத்தார்னு சொல்லுங்க. விசுவாசத்துல எதிர்காலம் கெடையாது. ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு, பெற்றுக்கொண்டேன்னு சாட்சி சொல்லிப் பாருங்க."

இது எங்கள் சபைகளில் நடக்கிறதுதான். கையில் வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று ஸ்தோத்திரம் செலுத்துவது. கர்ப்பம் வேண்டி நிற்கிற சகோதரி, பிள்ளையைப் பெற்றுக்கொண்டேன் என்பாள். நாங்கள் ஆமென் சொல்வோம். ஒருவருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை. வயிறுதான் கண்ணுக்குத் தெரிகிறதே.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. "கர்த்தர் எனக்கு வேலை கொடுத்தார். என் குடும்பத்தைப் போஷிக்க நல்ல வேலை கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விசுவாசத்தினாலே என்ற ஒரு வார்த்தையை முன்னால் சேர்த்திருக்க வேண்டும். பயத்தில் அதை விழுங்கிவிட்டேன். சபை கைதட்டியது. ஒரு அம்மா அழுதார். வெளியே வந்ததும் கைகொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்தேன். கர்த்தருடைய கம்பெனி என்று அவரே பதில் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சுகந்தி பையோடு போனாள், வெறும் பையோடு திரும்பி வந்தாள். பிடி அரிசி, புருஷன் இல்லாத ஒரு சகோதரி வீட்டுக்குப் போய்விட்டது. அதில் யாருடைய தப்பும் இல்லை. வேலை கிடைத்த வீட்டுக்கு அரிசி எதற்கு? பாஸ்டரம்மா சுகந்தியைக் கட்டிப்பிடித்து, இனிமேல் நீங்கள் கொண்டுவந்து கொட்டுங்கள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

சுகந்தி வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. பையை மடித்து ஆணியில் மாட்டினாள்.

"வேல கெடச்சிச்சின்னு சபைல சொல்லிட்டு ஊட்ல குந்திகினு கீற. நான் இன்னா மூஞ்ச வச்சிகினு அரிசி கேக்கறது? ஒண்ணு என் புருஷன் பொய்யன்னு சொல்லணும். இல்ல பட்டினி கெடக்கணும். இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

பாஸ்டரிடம் போனேன். நான் விசுவாசத்தில் சொன்னேன், மக்கள் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள், கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள் என்றேன். உங்கள் சாட்சியைக் கேட்டு இரண்டு பேர் உபவாசம் ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது இல்லை என்றால் அவர்கள் இடறிவிடுவார்கள், ஒரு வாரம் பொறுத்திருங்கள் என்றார். என் கையில் கொஞ்சம் பணம் வைத்தார். அவர் வீட்டிலும் அந்த மாதம் கஷ்டம்தான். எனக்கு வாங்க மனம் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு அதற்காகவும் சுகந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆள் சேர்க்கிற அம்மா வந்தார். சுகந்தி சரி என்றாள். கிருபா தன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலேஜுக்கு என்று தைத்த சுடிதாரைப் பைக்குள் வைத்தாள், எடுத்தாள், கடைசியில் அலமாரியிலேயே வைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று காலையில் கேட் கேட்டாக ஏறி இறங்கக் கிளம்பினேன்.

இப்போது மறுபடி அந்த ரோட்டுக்கு வருகிறேன்.

லாரிகள் வரிசையாக நிற்கிற இடம் வந்தது. வடக்கே போகிற லாரிகள். ஒரு டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளீனர் இல்லாமல் தனியாக நாக்பூர் போகிறார் என்று பேச்சில் தெரிந்தது. வருகிறாயா என்று அவரே கேட்டார். என் கால் அந்தப் படியில் ஏறத் தயாராக இருந்தது. ஏறிவிட்டால் பஸ்ஸை நான் பார்க்க வேண்டாம். சபையில் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் ஏறினேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பு சுட்டது. கையை எடுத்துவிட்டு, வரவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு பாலத்துக்குக் கீழே நின்றேன். முழங்காலில் நிற்க அங்கே இடமில்லை. நின்றபடியே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. கோபமாகத்தான் சொன்னேன்.

"ஆண்டவரே, நீர் கொடுத்தீர்னு நான் சொல்லிட்டேன். நீர் கொடுக்கல. நான் பொய்யனானா ஆயிட்டுப் போறேன், எனக்கு அது புதுசு இல்ல. உம்ம பேரும் அதுல மாட்டிகினு கீது. நல்ல வேலை கேட்டேன், அத்த வாபஸ் வாங்கிக்கிறேன். எந்த வேலையானாலும் செய்றேன். என் பொண்ணு அந்த பஸ்ல ஏறக் கூடாது. அவ்ளோதான்."

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். தாகமாக இருந்தது. பாலத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. தண்ணீர் கேட்கலாம் என்று போனேன்.

கடை வாசலில் இரண்டு பேர். ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது காலில் சட்டைத் துணியைச் சுற்றியிருந்தார்கள், அது நனைந்து கறுத்திருந்தது. இன்னொருவர் கடைக்கார அம்மாவிடம் கையைக் காலைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"இந்தா நைனா, ஒனக்கு இவுங்க பாஷ தெரிமா? டீயான்னா தலையாட்றான், பன்னான்னாலும் தலையாட்றான். காலு வேற இப்டி ஒழுவுது. பேஜாரா கீது எனக்கு."

இந்தியில் கேட்டேன். நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் தபன். ஒடிசாக்காரர், கேங்குக்கு மேஸ்திரி. உட்கார்ந்திருந்தவர் கோபிந்த். அவருக்கு என் வயசு இருக்கும். வேலை செய்யும்போது காலில் இரும்புச் சட்டம் விழுந்துவிட்டது. கம்பெனிக்குள்ளே வைத்துப் பார்க்காமல், பின்பக்கக் கேட் வழியாக, வெளியே கொண்டுபோய்க் காட்டிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆட்டோக்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டன. எந்தக் கம்பெனி என்று கேட்டேன். நான் கடைசியாகத் திரும்பி வந்த அதே இரும்புக் கம்பெனி. முன்பக்கக் கேட்டில் என்னை அனுப்பிய நேரத்தில் பின்பக்கக் கேட்டில் அவரை அனுப்பியிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதுகிறபோது பெரிதாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. உண்மையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர்கள் வந்ததால்தான் நமக்கு வேலை இல்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஜெபக் கூட்டத்திலேயே, வடக்கத்தி ஆட்கள் திரும்பிப் போகும்படி ஒரு சகோதரர் ஜெபித்தார். நான் மட்டும் அதற்கு ஆமென் சொல்லவில்லை. சூரத்தில் என்னைப் போகச் சொல்லி யாரோ இப்படித்தான் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

ரோட்டில் நின்று ஒரு ஆட்டோவை மறித்தேன். டிரைவர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். சீட்டில் கறை ஆகும் என்றார். கழுவித் தருகிறேன் என்றேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். டாக்டர் கேட்டதை அவர்களுக்குச் சொன்னேன், அவர்கள் சொன்னதை டாக்டருக்குச் சொன்னேன். கால் எலும்பு உடைந்திருந்தது. இரண்டு விரல் நசுங்கியிருந்தது. தையல் போடும்போது கோபிந்த் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. அவர் பிடித்த இடம் மறுநாள் வரை வலித்தது.

கட்டுப் போட்டுப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். நான் ஆட்டோ சீட்டைக் கழுவிவிட்டு வந்தேன். நீ அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கோபிந்த் கேட்டார். வேலை தேடினேன் என்றேன். கிடைத்ததா என்றார். லோக்கல் வேண்டாமாம் என்றேன். அவரும் தபனும் ஒரியாவில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தபன் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். கோபிந்த் விடவில்லை. அப்புறம் என்னிடம் இந்தியில் சொன்னார்.

"என் இடத்துக்கு நாளைக்கு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் வேறு கேங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆளை வைத்தால், கால் ஆறி நான் வரும்போது அவன் இடத்தை விடமாட்டான். நீ இந்த ஊர்க்காரன். உன் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். நீ திருப்பித் தருவாய்."

ஊர்க்காரன் என்பதற்காக எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்றால் அது இதுதான். அதையும் ஒரு வெளியூர்க்காரர்தான் கொடுத்தார்.

என்ன வேலை என்று கேட்டேன். ஸ்கேல் பிட் என்றார் தபன். மில் வேலை தெரிந்தவர்களுக்கு அது போதும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவக்கச் சுட்ட இரும்பை உருளைகளுக்குள் விட்டுக் கம்பியாக இழுக்கும்போது மேலே தண்ணீர் அடிப்பார்கள். இரும்பின் மேல்தோல் கறுப்புச் செதில் செதிலாக உரியும். அந்தச் செதிலும் தண்ணீரும் எண்ணெயும் ஓடிவந்து ஒரு ஆழமான குழியில் விழும். அடியில் சேறாகப் படியும். அந்தக் குழியில் இறங்கி அதை வாரி மேலே அனுப்ப வேண்டும். வெக்கை, வழுக்கல், எண்ணெய் நாற்றம். நான் மில்லில் இருந்த காலத்தில் அந்தக் குழியை எட்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாரும் அதில் இறங்கமாட்டார்கள். நானும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த வேலையானாலும் என்று பாலத்தடியில் சொன்னது ஞாபகம் வந்தது. சரி என்றேன். சந்தோஷம் வரவில்லை. கோபிந்தின் காலைப் பார்த்தேன். அவருக்கும் ஊரில் மனைவி, பிள்ளைகள். அவருக்காகவும் அங்கே யாரோ விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருப்பார்கள். என் ஜெபத்துக்குப் பதில் வர அவருடைய கால் உடைய வேண்டுமா? இதைப் பாஸ்டரிடம் பிற்பாடு கேட்டேன். காலை உடைத்தது கர்த்தர் இல்லை, சரியாகக் கட்டாத இரும்பு, உடைந்தவனிடம் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினது கர்த்தர் என்றார். அதை நான் விசுவாசிக்கிறேன். ஆனாலும் நன்றி சொல்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் நடுவில் வந்து நிற்கிறது.

தபன் ஒரு விஷயம் சொன்னார். காலையில் கேட்டில் வாயைத் திறக்காதே. எங்களோடு வரிசையில் வா. உன் முகம் எங்கள் ஆட்களோடு கலந்துவிடும். நான் கிளம்பினேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். கிருபாவின் பை வாசலுக்கருகே கட்டி வைத்திருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"கெடச்சிச்சா? கெடச்சிடும்னு சொல்றியா?"

நடந்ததைச் சொன்னேன். உடைந்த கால், குழி, கேட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்றது, எல்லாம். அவள் கேட்டு முடித்துவிட்டு, அப்படியென்றால் இன்னும் கிடைக்கவில்லை என்றாள். உள்ளே போனதும் போன் பண்ணு, அதற்கப்புறம்தான் பஸ்ஸைத் திருப்பி அனுப்புவேன், அதுவரைக்கும் பை அங்கேயே இருக்கட்டும் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இறந்தகாலத்தை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை அரிசியை இழந்தவள் அவள்.

கிருபா மட்டும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுல லோக்கலான்னு கேட்டா இன்னாப்பா சொல்லுவ?"

தெரியல என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அந்தக் கேட்டுக்குப் போனேன். தபனின் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் நடுவில் நின்றேன். கைலியும் பழைய சட்டையும், கழுத்தில் ஒரு துண்டு. எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். அதே செக்யூரிட்டி. கையில் நாஷ்டா பொட்டலம், சாப்பிட்டுக்கொண்டே ஆளை எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அப்போது என் போன் அடித்தது. சுகந்தி.

"பஸ்ஸு வந்து நிக்குது. அந்தம்மா ஏறு ஏறுன்றாங்க. போனியா, போவப்போறியா?"

வரிசையில் நிற்கிறேன், விடப்போகிறார்கள் என்று மெதுவாகத் தமிழில் சொன்னேன். அப்ப இன்னும் விடல என்றாள். போனை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் பஸ் எஞ்சின் சத்தம் கேட்டது. நான் பேசின தமிழ் செக்யூரிட்டி காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து வந்த ஆளுதான நீ? லோக்கல்தான?"

தபன் கண்ணை மூடிக்கொண்டார். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. பேசாமல் இந்தியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் சாப்பிடுகிற மும்முரத்தில் விட்டிருப்பார். ஆனால் வாயில் ஏற்கெனவே ஒரு சாட்சி கசந்துகொண்டு கிடந்தது. இன்னொன்றுக்கு இடமில்லை. உள்ளுக்குள்ளே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா சார். லோக்கல்தான். கவரப்பேட்ட."

வரிசை அப்படியே நின்றது. அவர் தபனைப் பார்த்து, இவன் எதற்கு என்றார். தபன் தனக்குத் தெரிந்த தமிழில், ஸ்கேல் பிட்டு சார், கோபிந்த் கால் போச்சு, ஒரு ஆள் கம்மி என்றார். செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குழிக்கா? குழிக்கு லோக்கல் இன்னா, அவுட்சைடு இன்னா. எறங்கறவன் எறங்கு. போ."

கேட்டைத் தாண்டினேன். போன் இன்னும் காதில் இருந்தது. "போய்ட்டேன்" என்றேன். "உள்ள வந்துட்டேன், சுகந்தி."

லைன் அறுந்தது. அவள் என்ன செய்தாள் என்று கிருபா பிறகு சொன்னாள். பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்த மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றி, தன் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாளாம். ஆள் சேர்க்கிற அம்மா தெருவே கேட்கத் திட்டினாராம். பஸ் போய்விட்டது.

அன்பானவர்களே, இவ்வளவுதான் என் சாட்சி. கிருபா காலேஜ் போகிறாள். கோபிந்த் கால் ஆறி வந்ததும் அவருடைய இடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் நொண்டுகிறார். தபன் என்னை வேறு மில்லின் குழிக்கு மாற்றினார். இன்றைக்கும் அந்தக் கேங்கில்தான் இருக்கிறேன். லாரிகளைப் பார்த்தால் கால் அரிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஏறவில்லை. பிடி அரிசியைச் சுகந்தி கொண்டுபோய்ப் பானையில் கொட்டுகிறாள். போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவாள். அவளுக்கு அந்த வெறும் பை இன்னும் மறக்கவில்லை.

பாஸ்டர் இதை, முன்கூட்டிச் சொன்ன சாட்சி நிறைவேறியது என்று சபையில் சொல்லச் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த முதல் சாட்சி விசுவாசமா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாலத்தடியில் கோபமாகச் சொன்ன ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்பது மட்டும் தெரியும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ரோட்டில் நிற்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் கேட்ட மாதிரி கொடுக்காமலும் போகலாம். ஆனாலும் அவரை நம்புங்கள். பஸ் கிளம்புகிற நேரத்துக்குள் வந்தார். என் வீட்டுக்கு அவர் வந்தார்.

சபையில் பலர் சாட்சி சொல்லும்போது, குழியில் கிடந்த என்னைக் கர்த்தர் தூக்கி எடுத்தார் என்பார்கள். நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன். என்னை அவர் குழியில் இறக்கினார். அன்று காலையில் தபன் ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கம்பி ஏணியைக் காட்டினார். வெக்கை முகத்தில் அடித்தது. கீழே கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய் மினுக்கம். போனை அவரிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டேன். இடது காலுக்குச் சரியாக இருந்தது. வலது கால் பூட்ஸ் நசுங்கி, உள்ளே ஈரமாக இருந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. காலை உள்ளே விட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.